மெட்டல் டிடெக்டரோடு ஒரு வாழ்நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் மெட்டல் டிடெக்டரோடு குனிந்து நடக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. இளவயதில் தொடங்கி, முட்டி வலிக்கிற இந்த வயது வரைக்கும் என்னிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்கிற முகம் மட்டும் மாறும். அவற்றைக் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்கத்தான் எண்கள்.

1. இத்தனை வருஷமா என்னதான் கிடைச்சிருக்கு உங்களுக்கு?

ஆணி. முதலிடம் அதற்குத்தான், இரண்டாம் இடத்துக்கும் அதுவே போட்டி போடும். அப்புறம் குளிர்பானக் கேன்களின் வளையம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற பளபளப்புத் தாள், பாட்டில் மூடி, தோட்டா உறை, உருகி உறைந்த ஈயக் கட்டி, சட்டைப் பொத்தான், சாவி, சைக்கிள் மணியின் மூடி, சக்கரம் போன பொம்மைக் கார். காசுகள் இதற்கெல்லாம் பிறகுதான். அவற்றிலும் பெரும்பாலானவை முகம் தேய்ந்த செப்புக் காசுகள். வெள்ளி எப்போதாவது. தங்கம் என்றால் யாரோ தொலைத்த மோதிரம், அதுவும் அபூர்வம்.

இந்தப் பட்டியலைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது. "பொம்மைக் காரா, எந்தக் காலத்துது?" என்று கேட்கத் தோன்றினால் மேலே படியுங்கள்.

2. இது எப்படிங்க வேலை செய்யுது? எக்ஸ்ரே மாதிரியா?

எக்ஸ்ரே இல்லை. கம்பின் நுனியில் இருக்கிற தட்டையான வட்டத்துக்குக் காயில் என்று பெயர். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடும். அதனால் கீழே மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்பும். இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது, மெஷின் அதை ஒலியாக்கி நம் காதில் போடுகிறது. அவ்வளவுதான்.

பொழுதுபோக்குக் கருவிகளில் பெரும்பாலானவை 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸுக்குள் இயங்கும் வி.எல்.எஃப். (மிகத் தாழ் அதிர்வெண்) வகை. அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையே எவ்வளவு பிந்தல் இருக்கிறது என்று பார்த்து, கீழே இருப்பது இரும்பா, செம்பு வெள்ளி போல நன்றாக மின்சாரம் கடத்துகிற ஒன்றா என்று ஊகிக்கும். ஊகம்தான், தீர்ப்பு இல்லை. மண்பானை, ரத்தினக் கல், எலும்பு எதுவும் இதற்குத் தெரியாது.

3. தங்கத்தை மட்டும் காட்டுற மெஷின் இருக்காமே?

இல்லை. மெஷினுக்கு உலோகங்களின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் பொருளின் கடத்துத்திறன், அளவு, வடிவம், மண்ணில் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்ற எல்லாம் கலந்த ஒரே ஒரு பதில். மெல்லிய தங்க மோதிரமும் கேன் வளையமும் திரையில் ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணுக்கு ஒலிக்காதபடி அடைத்துவிட்டால் மோதிரமும் சேர்ந்து அடைபட்டுப் போகும். தங்கம் வேண்டுமென்றால் கேன் வளையம் தோண்டத்தான் வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

தங்கத் துகள் தேடுகிறவர்களுக்கென்று அதிக அதிர்வெண்ணில் ஓடும் கருவிகள் உண்மையிலேயே உண்டு. சின்னத் துணுக்குகளுக்கு அவை கூர்மையாகப் பதில் சொல்லும். ஆனால் ஈயக் குண்டுத் தூளுக்கும் அதே கூர்மைதான்.

இன்னொரு ரகம் இருக்கிறது: இரண்டு ஆன்டெனாவைக் கையில் பிடித்தால் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற தங்கத்தை நோக்கித் திரும்பும் என்று விற்பார்கள். கிட்டே போகாதீர்கள். இதே போல ஆன்டெனா ஆடுகிற 'ஏ.டி.இ. 651' என்ற பெட்டியை, வெடிகுண்டு காட்டும் என்று சொல்லி இராக்கின் சோதனைச் சாவடிகளுக்கே விற்றார்கள். உள்ளே வேலை செய்கிற எதுவுமே இல்லை. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. உயிர் போகிற இடத்திலேயே அந்த ஏமாற்று எடுபட்டது என்றால் புதையல் ஆசை பிடித்தவரிடம் எடுபடாதா?

4. எத்தனை அடி ஆழம் வரைக்கும் காட்டும்?

அடிக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். காசு அளவுள்ள பொருள் என்றால் ஒரு சாண் ஆழம், நல்ல மண்ணில் அதற்குக் கொஞ்சம் மேலே. காயிலின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கிற உத்தேசக் கணக்கு. பானை அளவு, பெட்டி அளவு உலோகம் என்றால் இன்னும் ஆழத்தில் இருந்தாலும் கேட்கும்.

ஏன் இவ்வளவுதான் என்பதற்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது. காயிலை விட்டு விலக விலக அதன் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. பொருளிலிருந்து திரும்பி வருகிற புலமும் அப்படியே குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஆறாம் அடுக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் சுமார் 64-ல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் பல மடங்கு விலையுள்ள கருவி வாங்கினாலும் ஆழத்தில் கிடைக்கிற லாபம் சில விரல்கட்டைதான். விளம்பரத்தில் மீட்டர் மீட்டராகப் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

5. யார் இதைக் கண்டுபிடிச்சது? ராணுவம்தானே?

ராணுவத்துக்கு முன்பே ஒரு மரணப்படுக்கை இருக்கிறது. 1881 ஜூலை 2-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவசரமாக ஒரு கருவி செய்து கொண்டுபோனார். சோதனையில் நன்றாக வேலை செய்த கருவி, நோயாளிமேல் குழம்பியது. மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் ஒரு காரணம் என்பார்கள். இன்னொன்று, தலைமை மருத்துவர் குண்டு வலது பக்கம் இருக்கிறது என்று நம்பி அங்கேயே தேடவைத்தார். அது இடது பக்கம் இருந்தது. தப்பான இடத்தில் தேடினால் எந்தக் கருவியும் உதவாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்துபோனார்.

பிறகு கெர்ஹார்டு ஃபிஷர். விமானங்களுக்கு ரேடியோ மூலம் திசை காட்டும் கருவியில் வேலை செய்தவர். தாது உள்ள பாறைகள் பக்கத்தில் இருந்தால் திசை பிசகுவதைக் கவனித்தார். பிழையைத் திருப்பிப் போட்டால் தேடும் கருவி ஆகுமே என்று தோன்றியது; 1937-ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் ஜோசஃப் கோசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு கையில் தூக்கிப் போகிற கண்ணிவெடி காட்டியைச் செய்தார். 1942-ல் எகிப்தில் நடந்த எல் அலமைன் போரில் 500 கருவிகள் பாலைவன மணலில் வழி திறந்தன. அவர் காப்புரிமை கேட்காமல் அதைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே கொடுத்துவிட்டார். அரசரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது.

போர் முடிந்ததும் மிச்சமான ராணுவக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பு அதுதான். டிரான்சிஸ்டர் வந்து எடை குறைந்தது. நான் கற்றுக்கொண்டது பி.எஃப்.ஓ. வகையில்: இரண்டு அலையியற்றிகள் சேர்ந்து ஓயாமல் முனகும், உலோகம் வந்தால் முனகல் ஏறி இறங்கும். திரை கிடையாது, எண் கிடையாது. மாலையில் கழற்றி வைத்த பிறகும் காதில் அந்த முனகல் நிற்காது.

6. புதுசா வாங்கப் போறேன், எதை வாங்கலாம்?

பிராண்டு பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மாடல் வந்ததும் திட்டு விழும். பொதுவாகச் சொல்லலாம். எடை குறைவாக இருக்கட்டும். மண்ணுக்கு ஏற்ப மாற்றுகிற கிரவுண்ட் பேலன்ஸ் வசதி இருக்கட்டும். காயில் தண்ணீர் புகாததாக இருக்கட்டும். முதல் கருவிக்கு இது போதும்.

கூடவே ஒரு பின்பாயிண்டர் கட்டாயம் வாங்குங்கள். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான கைக்கருவி, குழிக்குள் விட்டால் பொருள் எந்தப் பக்கம் என்று காட்டும். அது இல்லாத காலத்தில் ஒரு பொத்தானைத் தேடி மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகக் காயில்மேல் தூவிக்கொண்டிருந்தோம். ஹெட்போனும் வேண்டும். மெல்லிய சிக்னல் கேட்கும். பூங்காவில் மற்றவர்கள் நிம்மதியும் கெடாது.

7. வயல்ல இறங்கினா மண்ணு மேலேயே கத்துது. மெஷின் போச்சா?

மெஷின் நலம். மண்ணில் இரும்புத் தாது இருக்கிறது. மேக்னடைட் கலந்த கரு மணல், செம்மண், சில எரிமலைப் பாறைகள் எல்லாம் காந்தப்புலத்துக்குப் பதில் பேசும். மண்ணின் அந்தப் பதிலைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேட்பதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் அடங்கும் வரை சரிசெய்யுங்கள். இடம் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

அப்படியும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் கூர்மையை, குறையுங்கள். குறைத்தால் ஆழம் போய்விடுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நாலாம் கேள்வியில் சொன்ன ஆறாம் அடுக்குக் கணக்கு இங்கே நமக்குச் சாதகம்: கொஞ்சம் குறைத்தால் ஆழத்தில் நஷ்டம் மிகச் சொற்பம், காதுக்குக் கிடைக்கிற அமைதி பெரிது.

8. கடற்கரைல தோண்டுறது சுலபம்தானே?

தோண்டுவது சுலபம், கேட்பது கஷ்டம். காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஓடும். ஈர மணலுக்கு வந்தால் உப்புத்தண்ணீரே மின்சாரம் கடத்தும்; ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறும். இரண்டு தீர்வுகள். ஒன்று, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்டு உப்பைக் கழித்துவிடுகிற கருவி. மற்றது பல்ஸ் இண்டக்‌ஷன்: துடிப்பு ஒன்றை அனுப்பி, நிறுத்தி, உலோகத்தில் எழுந்த மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேட்கும். ஆழம் நன்றாகப் போகும், உப்பும் தாதுவும் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் ரொம்ப மோசம்.

புயலுக்குப் பிறகு போங்கள். மேல்மணலை அலை அள்ளிக்கொண்டு போனால் கனமான பொருள்கள் அடியில் ஒரே இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

9. எங்க தேடணும்னு எப்படித் தெரியும்? குத்துமதிப்பா?

இந்தப் பொழுதுபோக்கில் பாதி இதுதான், அதுவும் உட்கார்ந்து செய்கிற பாதி. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முன்பு பாதை இருந்து இப்போது இல்லாத இடம், ஆற்றைக் கடக்கிற துறை, கூட்டம் கூடின மைதானம், பெரிய மரத்தடி. மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் பையிலிருந்து விழும். நடந்து போன இடத்தில் விழுவது குறைவு.

வயதானவர்களிடம் பேசுவது அதைவிட மேல். இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிற ஜெர்சி தீவில் ரெக் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இருவர், ஒரு வயலில் முன்னொரு காலத்தில் வெள்ளிக் காசுகள் கிடைத்தன என்று கேள்விப்பட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு சுமார் 30 ஆண்டு தேடினார்கள். அறுவடைக்குப் பிறகு மட்டும்தான் நிலத்தில் இறங்க அனுமதி. 2012-ல் சுமார் 70,000 கெல்டிக், ரோமானியக் காசுகள் ஒரே பாளமாக ஒட்டிக்கிடந்தது அகப்பட்டது. எல்லோரும் அந்த 70,000-ஐப் பேசுகிறார்கள். எனக்கு ஆச்சரியம் அந்த 30.

10. குழி தோண்டிட்டு அப்படியே போயிடுவீங்களா?

அப்படிப் போகிறவர்களால்தான் மற்றவர்களுக்கு அனுமதி கிடைக்காமல் போகிறது. புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுப் புல்லை மடக்க வேண்டும். மண்ணை ஒரு துணிமேல் போட வேண்டும். பொருளை எடுத்ததும் மண்ணைத் திரும்பக் கொட்டி, புல்லை மூடி, மிதிக்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நமக்கே இடம் தெரியக் கூடாது. தோண்டிய குப்பையைத் திரும்பப் புதைக்காமல் எடுத்துப் போக வேண்டும். புதைத்தால் அடுத்த தடவை அதே ஆணியை நாமே தோண்டுவோம்.

11. கிடைச்சது எடுத்தவனுக்குத்தானே சொந்தம்?

கிட்டத்தட்ட எங்கேயும் அப்படி இல்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழமையும் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சன்மானம். அயர்லாந்தில் 1987-லிருந்து, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடிக் கருவியோடு இறங்குவதே குற்றம். அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம்: மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் தோண்டுவதற்கு வேறு சட்டம், இன்னும் கடுமை.

சட்டத்துக்கு முன்னால் இன்னொன்று: நிலத்துக்காரரின் சம்மதம். எழுத்தில் வாங்குங்கள், கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒன்றும் கிடைக்காத வரைக்கும் எல்லோரும் நண்பர்கள்தான்.

12. காசைப் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே?

ஆகும். பழைய காசு ஒன்று அன்றோடு செத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். செம்பு, வெண்கலத்தின்மேல் படிந்திருக்கிற பச்சைப் படலத்தில்தான் எழுத்தும் உருவமும் நிற்கும். தேய்த்தால் அதுவும் உரிந்து வந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் காசை ஊறவைத்து, ஒட்டிய மண்ணைத் தானாக இளக விடுங்கள். வெளிறிய பச்சையில் மாவு மாவாகப் பூத்தால் அது வெண்கல நோய். ஈரத்தில் வளரும், பக்கத்துப் பொருளையும் கெடுக்கக்கூடும். பிரித்து, உலர்வாக வையுங்கள். இரும்பு, மண்ணை விட்டு வெளியே வந்த நிமிஷமே அழியத் தொடங்கும். முக்கியமானது என்று தோன்றினால் கைவைக்காமல் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஈயம் தொட்டால் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

13. பெருசா ஒண்ணு சிக்கினா உடனே தோண்டி எடுத்துடணும்தானே? விட்டா வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களே!

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னே கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப்போனார் எரிக் லாஸ். சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகளும் தங்கக் காசுகளும் வந்தன. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள். கூடவே பாத்திரங்கள், நகைகள். அவை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரியவந்தது. மரம் மட்கிப்போயிருந்தது, கீலும் பூட்டும் கிடந்த இடத்தை வைத்துச் சொன்னார்கள். அப்புறம் சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2010-ல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே டிடெக்டரோடு தேடியவர் டேவ் கிறிஸ்ப். மண்ணுக்குள் ஒரு பானையின் வாய் தெரிந்தது, கொஞ்சம் காசும் வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். தொல்லியலாளர்கள் பானையிலிருந்த 52,503 காசுகளை அடுக்கு அடுக்காக, எந்த அடுக்கிலிருந்து எது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். அதனால் ஒரு விஷயம் தெரிந்தது. காலத்தால் கடைசியாக அச்சிடப்பட்ட காசுகளில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தன. வருஷா வருஷம் சேர்த்த உண்டியல் என்றால் புதிய காசுகள் மேலேதானே இருக்கும்? ஆக, மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கனத்தைப் பானையோடு தூக்கிவந்திருக்க முடியாது; பானையைக் குழியில் வைத்துவிட்டு நிரப்பியிருக்கிறார்கள். கிறிஸ்ப் ஒரு வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் காசு அத்தனையும் இருந்திருக்கும், இது எதுவும் தெரிந்திருக்காது.

பயம் நியாயமானதுதான். யாராவது எடுத்துப் போவார்கள் என்றால் குழியை மூடிப் பழையபடி ஆக்குங்கள், நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள், காவலுக்கு ஆள் போடுங்கள். யாரிடமும் படம் அனுப்பாதீர்கள். ரகசியம் காப்பதில் நிறையப் பேர் தோற்பது அந்தப் படத்தில்தான்.

14. தொல்லியல்காரங்களுக்கு உங்களைக் கண்டாலே ஆகாதாமே?

ஆகாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1999-ல் ஜெர்மனியில் நெப்ரா அருகே அனுமதியில்லாமல் தேடிய இருவர், சுமார் 3,600 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட வெண்கல வட்டு ஒன்றைத் தோண்டினார்கள். சூரியன், பிறை, நட்சத்திரங்கள் தங்கத்தில் பதித்த வட்டு. தோண்டிய வேகத்தில் விளிம்பு சேதமானது. கள்ளச் சந்தையில் கைமாறி, 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் போலீஸ் விரித்த வலையில் சிக்கியது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியாத வரைக்கும் அது போலி என்றுகூடச் சொல்ல முடிந்தது. இடம் தெரிந்து, மண்ணையும் கூடக் கிடைத்த வாள்களையும் ஒப்பிட்ட பிறகே வட்டின் காலத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம், 1876-ல் அமெரிக்க ராணுவமும் பூர்வகுடிகளும் மோதிய இடம். அங்கே 1983-ல் காட்டுத்தீ புல்லை எரித்துத் தரையைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். சிக்னல் வந்த இடத்தில் கொடி. தோட்டா உறை ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று குறித்தார்கள். ஒரே துப்பாக்கியின் ஊசி பதித்த தடம் எந்தெந்த உறையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கோடு போட்டார்கள். எல்லா உறைகளையும் ஒரே பையில் போட்டிருந்தால் அது வெறும் பித்தளை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவுசெய்ய 1997-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. பதிவான பொருள்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன, பெரும்பகுதி நம் ஆட்கள் கொண்டுவந்தவை. பகை குறைய வழி அதுதான். பதிவு செய்ய இடம் இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் பழைய குடியிருப்புகளின் பக்கமே போகாமல் கடற்கரை, மைதானம் என்று இருந்துகொள்வது நல்லது.

15. குண்டு கிண்டு வந்தா என்ன பண்றது?

அசையாமல் நில்லுங்கள். தட்டாதீர்கள், திருப்பாதீர்கள், துருப்பிடித்துவிட்டதே என்று நம்பாதீர்கள். துருப்பிடித்த வெடிதான் அதிக ஆபத்து. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, தூரம் போன பிறகு போலீஸைக் கூப்பிடுங்கள். போர் நடந்த பகுதிகளிலும் பழைய பயிற்சி மைதானங்களிலும் தேடாமல் இருப்பது அதைவிட மேல்.

16. இப்பதான் எல்லா மெஷின்லயும் நம்பர் வருதே, இனிமே காது எதுக்கு?

நம்பர் நல்லதுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் மூன்றாம் கேள்வியில் சொன்னபடி அது கலந்துகட்டிய பதில். ஆழம் கூடக்கூட எண் தடுமாறும். பக்கத்தில் ஆணி ஒன்று இருந்தால் வெள்ளிக் காசும் இரும்பு போல எண் காட்டும். பெரிய இரும்புத் தகடு வெள்ளி போலக் காட்டி ஏமாற்றும். காதில் விழுவது இதைவிட அதிகம்: ஒலி உருண்டையாக வருகிறதா, நுனியில் கிழிகிறதா, குறுக்கே ஆட்டினால் நிற்கிறதா, தொண்ணூறு பாகை திரும்பி நின்று ஆட்டினால் மறைந்துபோகிறதா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வந்தது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதே, அது போலத்தான். சொல்லித்தர முடியாது, பழக வேண்டும்.

பழக ஒரு வழி: சந்தேகமான சிக்னலை, தோண்டுவதற்கு முன் வாய்விட்டு "இது இன்னது" என்று சொல்லிவிட்டுத் தோண்டுங்கள். சீக்கிரமே பணிவு வரும்.

17. வயசான பிறகும் முடியுமா தாத்தா?

முடிகிறது, சில மாற்றங்களோடு. வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள் கேட்கிற திறன். வெள்ளிக்கு மெஷின் கொடுப்பதும் உச்ச ஒலிதான். மெனுவில் ஒலியின் சுருதியை இறக்கி வைத்தேன், தொலைந்த காசுகள் திரும்ப வந்தன. தோளுக்கு எடை குறைந்த காயில். குனிவதற்குப் பதில் முட்டிக்கு மெத்தை வைத்து உட்கார்ந்து தோண்டுகிறேன். எழுந்திருக்கும்போது நீளமான மண்வெட்டிதான் ஊன்றுகோல். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

18. போட்ட காசு திரும்பி வந்துச்சா?

இல்லை. 1980-ல் ஆஸ்திரேலியாவின் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டியைத் தன் வண்டி வீட்டுக்குப் பின்னால் எடுத்தார். அந்தக் கதையைக் கேட்டுக் கருவி வாங்கியவர்களில் யாருக்கும் இன்னொரு 27 கிலோ கிடைத்ததாகத் தெரியவில்லை. கருவி, பேட்டரி, பயணம் எல்லாம் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். மீன் பிடிக்கப் போகிறவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது என் சின்ன வருத்தம்.

19. சரி, இத்தனைலயும் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?

ஈயக் குண்டுகள். ஒரு சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய துப்பாக்கியின் உருண்டைக் குண்டுகள் வந்துகொண்டே இருந்தன. சில நசுங்கியவை, சில முழு உருண்டை. விலை என்று ஒன்றும் இல்லை. வழக்கம்போல ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைத் தாளில் புள்ளி வைத்தேன். பல பருவங்களுக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்த்தால், நசுங்கியவை எல்லாம் மேட்டின் அடியில் ஒரே பட்டையாகவும், முழு உருண்டைகள் எதிர்ப்பக்கம் தொலைவில் ஒரு கொத்தாகவும் விழுந்திருந்தன. ஒரு பக்கம் நின்று சுட்டிருக்கிறார்கள்; துப்பாக்கியில் குண்டு போடும்போது கைதவறியவை நின்ற இடத்திலேயே விழுந்திருக்கின்றன; மேடுதான் குறி. யாரோ வரிசையாக நின்று சுடப் பழகிய இடம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று என் தாளில் இருந்தது. தங்க மோதிரம் கிடைத்த நாள்கூட எனக்கு அவ்வளவு நினைவில்லை.

20. உங்களுக்குப் பிறகு இந்தப் பெட்டியெல்லாம் என்ன ஆகும்?

கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். சங்கடம் வேண்டாம், ஏற்பாடு செய்துவிட்டேன். ஒவ்வொரு பொருளும் தனிப் பையில் இருக்கிறது. பையின்மேல் இடம், ஆழம், தேதி. அதே எண் நோட்டுப் புத்தகத்தில். முன்பெல்லாம் வேலி மூலையிலிருந்து அடி அளந்து எழுதினேன், பிறகு ஜி.பி.எஸ். வந்தது. பழைமையானவை ஏற்கெனவே அருங்காட்சியகத்தில் பதிவாகிவிட்டன. மிச்சத்தையும் நோட்டோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு இல்லாமல் கொடுத்தால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட யோசிப்பார்.

நீங்களும் இன்றே ஒரு நோட்டு போடுங்கள், முதல் ஆணியிலிருந்தே. மெஷினைப் பேத்தி கேட்டிருக்கிறாள். கிரவுண்ட் பேலன்ஸ் கற்றுக்கொண்டுவிட்டாள்; குழி மூடுவதில்தான் இன்னும் கொஞ்சம் அவசரம்.